கோதாவுக்கு வந்த எண்

“ஆசானே, என்னைச் சத்தியத்துலேருந்து விட்டுடுங்க” என்றான் கொற்றன்.

தில்லைநாயகி மணல்பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஏன்?”

“முட்டி வலிக்குது.”

“சத்தியம் கையால செய்யறது மல்லரே.”

கொற்றனுக்கு வியர்த்தது. ஆளையே தலைக்குமேல் தூக்கிச் சுற்றியவன் அவன். ஒரு சின்னப் பொய்யைத் தூக்கினால் மட்டும் மூச்சு வாங்கும்.

அவனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆசானுக்கு நாற்பது இருக்கலாம். மூத்தவனைப் போய் அவன் இவன் என்கிறாயே என்று என்னோடு சண்டைக்கு வராதீர்கள். எண்மடத்தில் சீடனை அப்படித்தான் சொல்வார்கள். அங்கே செருப்போடு வயதையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

எண்மடம் என்றால் எண்களை மட்டுமே படிக்கும் மடம். குன்றின் மேல் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு மடம் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், என்ன இப்போது?

மடத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல். அதில் ஒரே ஓர் எண்.

4294967297.

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் உங்களுக்கு மடத்தில் ஒரு வேளைச் சோறு உண்டு.

அந்த எண் பிறந்த விதம் எளியது. மூன்றில் தொடங்க வேண்டும். இரண்டைக் கூட்டினால் ஐந்து. மூன்றையும் ஐந்தையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் பதினேழு. அதுவரை வந்த எல்லாரையும் பெருக்கி மறுபடி இரண்டைக் கூட்டினால் இருநூற்று ஐம்பத்தேழு. இன்னொரு முறை செய்தால் அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழு.

இந்த ஐந்து பேரும் உடையாதவர்கள். ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறு எந்த எண்ணைக் கொண்டு வகுத்தாலும் மீதி வரும்.

ஐந்து பேரையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் வருபவர்தான் கல்லில் இருப்பவர். ஆறாவது பிள்ளை. அண்ணன்மார் ஐந்து பேரில் யாரைக் கொண்டு வகுத்தாலும் மீதி இரண்டு. வராமல் என்ன செய்யும்? அவர்களைப் பெருக்கி இரண்டைக் கூட்டியதுதானே அது.

இதைக் கண்டுபிடித்தவர் தில்லைநாயகியின் குரு, காலஞ்சென்ற பெரிய ஆசான். இன்னும் சில சில்லறை எண்களையும் போட்டு வகுத்துப் பார்த்தார். எதுவும் அசைக்கவில்லை. “குடும்பமே உடையாத குடும்பம். கடைக்குட்டி மட்டும் உடைஞ்சிடுமா?” என்று சிரித்து, கல்தச்சனைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று முதல் ஒரு வழக்கம். படிப்பை முடித்த சீடர்கள் ஊர் முன்னிலையில் கல்லின் மேல் கை வைத்து, “இந்த எண்ணை எந்த எண்ணாலும் உடைக்க முடியாது” என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால்தான் கணக்காயர் என்ற பட்டம். செய்யாதவர் சும்மா ஒரு பெருக்கல் தெரிந்த மனிதர்.

கொற்றனுக்கு அந்தப் பட்டத்தின் மேல் கொள்ளை ஆசை. மறுநாள் காலையில் சத்தியம்.

இப்போது முட்டி வலிக்கிறது என்கிறான்.

*

அந்த முட்டிதான் அவனை மடத்துக்குக் கொண்டுவந்தது.

அதற்கு முன் அவன் மல்லன். கோதாவில் அவன் முதுகில் மண் பட்டதை யாரும் பார்த்ததில்லை. முட்டி தேய்ந்த பிறகு அவனைக் கீழே தள்ள ஆள் தேவைப்படவில்லை. அப்போதுதான் குன்றேறி வந்து, எண் படிக்க வேண்டும் என்றான்.

சீடர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “தாடி நரைச்ச பிறகு வாய்ப்பாடா?”

தில்லைநாயகி சிரிக்கவில்லை.

“எண்ணத் தெரியுமா?”

“எங்கிட்ட விழுந்தவங்களை எண்ணியிருக்கேன்.”

“போதும். உள்ள வாங்க.”

அந்த ‘உள்ள வாங்க’வுக்காக அவன் உயிரையே கொடுப்பான். அவனை வேறு யாரும் அப்படி அழைத்ததில்லை. எல்லாரும் ‘வெளியே வாடா’ என்றுதான் அழைத்திருக்கிறார்கள், தொடையைத் தட்டிக்கொண்டு.

முதல் நாளே கல்லைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான்.

“இவர் யார் யாரோட மோதியிருக்காரு?”

சீடர்கள் அண்ணன்மார் ஐந்து பேர் கதையைச் சொன்னார்கள். மீதி இரண்டு வரும் அழகையும் சொன்னார்கள்.

“அதெல்லாம் வீட்டு ஆளுங்க. வெளியூர்க்காரன் எவனாவது இவரோட கோதாவுல இறங்கியிருக்கானா?”

மறுபடியும் சிரிப்பு. ஆனால் கொற்றன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. மல்லர்கள் மத்தியில் அது சட்டம். தன் வீட்டு முற்றத்தில் தன் தம்பிமாரையே புரட்டிக்கொண்டிருப்பவனை யாரும் மல்லன் என்பதில்லை. வழிப்போக்கன் ஒருவன் தொடை தட்டினாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அவன் ஆசானைப் பார்த்தான்.

ஆசான் எழுந்து உள்ளே போனார். ஒரு மணல்பலகையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். பலகை நிறைய மணல், எழுதுவதற்கு விரல். அவ்வளவுதான் அதில் இருந்தது.

*

அவன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான்.

உச்சிவெயிலில் மற்றவர்கள் கண்ணயர்வார்கள். கொற்றன் புளியமரத்தடியில் உட்கார்ந்து, உடையாத எண் ஒவ்வொன்றாக அழைத்துக் கல்லோடு மோதவிடுவான். வகுப்பான். மீதி வரும். மணலைத் தடவிவிடுவான். “அடுத்த ஆள்” என்பான்.

நூறுகளில் இருந்தவர்கள் தோற்றார்கள். இருநூறுகள், முந்நூறுகள், எல்லாரும் மண்ணைக் கவ்வினார்கள். அவனுக்குக் கல்லின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. அட, என்னமாய் நிற்கிறான் மனிதன்!

பிறகு ஒரு நாள் அறுநூற்று நாற்பத்தொன்று இறங்கியது.

பார்வைக்கு ஒன்றுமில்லாத எண். அந்தக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கொற்றன் வகுத்துக்கொண்டே போனான். கடைசி இலக்கத்தை இறக்கினான். கழித்தான்.

மீதி இல்லை.

கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தான். மறுபடியும் மீதி இல்லை. அறுநூற்று நாற்பத்தொன்றுக்கு எதிரே, ஈவாக, அறுபத்தேழு லட்சத்து நானூற்றுப் பதினேழு கம்பீரமாக நின்றது.

கொற்றன் எழுந்து நின்று தொடையைத் தட்டினான். புளியமரத்துக் காக்கைகள் பறந்தன. நெஞ்சு விம்மியது. கோதாவில் மாலை போட்டபோதுகூட அவனுக்கு அப்படி இருந்ததில்லை.

அடுத்த மூச்சில், யாரைச் சாய்த்திருக்கிறோம் என்று புரிந்தது.

உட்கார்ந்துவிட்டான். மணலைத் தடவி அழித்தான். அழித்த பிறகும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

*

“முட்டி வலி இல்ல” என்றார் தில்லைநாயகி. “வேற என்ன?”

“ஒண்ணும் இல்ல ஆசானே.”

“மல்லரே, உங்க குருவை எப்பவாவது சாய்ச்சிருக்கீங்களா?”

கொற்றன் திடுக்கிட்டான்.

“ஐயையோ! நாலு பேர் பார்க்கக் குருவைச் சாய்க்கறவன் மனுஷனா? எங்க வழக்கத்துல அது கிடையாது. அந்த நேரம் வந்தா நாமளே காலைத் தளர விட்டுடணும்.”

“விட்டீங்களா?”

“விட்டேன்.”

“விடலைன்னா?”

“சாஞ்சிருப்பாரு.”

“அவருக்கு அது தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? கையைப் பிடிச்சாலே தெரிஞ்சிடும்.”

“சந்தோஷப்பட்டாரா?”

கொற்றன் யோசித்தான். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

“தெரியல ஆசானே. நான் அவர் முகத்தைப் பார்க்கல.”

தில்லைநாயகி பலகையின் மணலைச் சமமாகத் தடவினார்.

“நாளைக்குக் காலையில குளிச்சிட்டு வந்துடுங்க” என்றார்.

*

ஊரே குன்றேறி வந்திருந்தது.

சாட்சிக்குக் கீழைமடத்துத் தலைவர் ஏகாம்பரனார் வந்திருந்தார். அவருடைய மடத்து வாசலிலும் ஒரு கல் உண்டு. அதிலும் ஓர் எண் உண்டு. அதைப் பற்றி யாராவது கேட்டால் கேட்டது போதும் என்கிற அளவுக்குச் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

“எங்க கல்லைச் சுத்தி வேலி போட்டிருக்கோம். சீடப் பசங்க பக்கத்துலகூடப் போக முடியாது” என்று தில்லைநாயகியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “மரியாதைன்னா அப்படி இருக்கணும் அம்மா.”

தில்லைநாயகி தலையாட்டினார்.

ஒவ்வொரு சீடராக வந்தார்கள். கல்லில் கை வைத்தார்கள். சத்தியம் செய்தார்கள். பறை முழங்கியது. புதுக் கணக்காயர்களைப் பெற்றவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கொற்றன் கடைசியில் நின்றான். இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். பொய்ச் சத்தியம் செய்துவிடுவது. பாவம் தன் தலையில் விழட்டும். தன்னை உள்ளே வாங்க என்றவர் தலை இத்தனை பேர் முன்னால் குனியக் கூடாது.

அவன் முறை வந்தது. கல்லில் கை வைத்தான். கல் வெயிலில் சுட்டது.

“இந்த எண்ணை...”

ஊர் காத்திருந்தது.

“இந்த எண்ணை, எந்த எண்ணாலும்...”

நாக்கு நகரவில்லை. ஆனையை நகர்த்தச் சொல்லியிருந்தால் முயன்று பார்த்திருப்பான்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் தில்லைநாயகி.

“ஆசானே, எனக்குப் பட்டம் வேண்டாம். நான் கீழ இறங்கிப் போயிடறேன்.”

“பட்டத்தை யாரு கேட்டா? ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டேன்.”

அவன் தலை குனிந்து நின்றான். கண்ணில் நீர் முட்டியது.

தில்லைநாயகி மணல்பலகையைக் கொண்டுவரச் சொன்னார். கல்லுக்கு முன்னால், எல்லாரும் பார்க்கத் தரையில் வைத்தார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இங்கயா?” என்றான் கொற்றன். “இத்தனை பேர் முன்னாலயா?”

“கோதாவுக்குத் திரை போடுவாங்களா மல்லரே?”

அவன் ஆசானின் முகத்தைப் பார்த்தான். இந்த முறை பார்த்தான்.

பிறகு உட்கார்ந்தான். முட்டி ‘கடக்’ என்றது. விரலை மணலில் வைத்து எழுதினான்.

641.

வகுத்தான். ஊர் எட்டிப் பார்த்தது. கடைசி இலக்கத்தை இறக்கினான். கழித்தான். அந்த இடத்தில் எழுத எதுவும் இல்லாததால் கையை எடுத்துக்கொண்டான்.

தில்லைநாயகி மணலைத் தடவிவிட்டுத் தானே செய்தார். ஈவையும் அறுநூற்று நாற்பத்தொன்றையும் பெருக்கினார். முதலில் அறுநூறால். பிறகு நாற்பதால். பிறகு ஒன்றால். மூன்றையும் கூட்டினார். இலக்கம் இலக்கமாகக் கல்லில் இருந்த எண் மணலில் வந்து உட்கார்ந்தது.

அவர் நிமிர்ந்து கல்லைப் பார்த்தார். தன் குரு வெட்டிய கல். பொய் சொல்வானேன், அவருக்கு வலித்தது. கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“பெரிய ஆசான் முந்நூறுகிட்ட நிறுத்திட்டாரு” என்றார் மெதுவாக. “நான் எங்க நிறுத்தினேன் தெரியுமா மல்லரே?”

“தெரியாது ஆசானே.”

“நான் ஆரம்பிக்கவே இல்ல.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. விஷயம் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போயிற்று. கல் உடைஞ்சிடுச்சாம், மல்லன் உடைச்சிட்டானாம். சற்று முன் சத்தியம் செய்த கணக்காயர்கள் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஏகாம்பரனார் நல்ல மனிதர். பதறிப்போய் வந்து காதோரம் குனிந்தார்.

“அம்மா, ஒண்ணும் முழுகிப் போயிடல. கல்தச்சன் ஒரு இலக்கத்தைத் தப்பா வெட்டிட்டான்னு சொல்லிடலாம். ஊருக்கு என்ன தெரியப்போகுது? நான் சாட்சி சொல்றேன்.”

தில்லைநாயகி அவரைப் பார்த்தார். பலகையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். தன் மேலுதட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பூசினார். முகத்தில் கண்ணீர் இருந்ததால் நன்றாகவே பிடித்தது.

“எனக்கு மீசை இல்ல. இருந்தாலும் பாருங்க, மண் ஒட்டியிருக்கா?”

ஒரு பொம்பளை முதலில் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது. விழுந்தவன் எவனும் மீசையில் மண் ஒட்டவில்லை என்றுதான் சொல்வான், உலகம் தோன்றிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். எடுத்துப் பூசிக்கொண்ட ஆளை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

கொற்றன் அழுதுகொண்டிருந்தான். “மன்னிச்சிடுங்க ஆசானே. மன்னிச்சிடுங்க.”

“வாயை மூடுங்க.”

அவர் எழுந்தார். அவன் எழுந்திருக்கக் கை கொடுத்தார். எழுந்ததும் கையை விடவில்லை. அந்தத் தூண் போன்ற கையைத் தன்னால் முடிந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அவருக்கு எட்டவில்லை. குதிகாலை உயர்த்தி நின்று பிடித்தார்.

“என் சீடர்!” என்று கத்தினார்.

குரல் குன்றின் அடிவாரம் வரை போயிற்று.

“கணக்காயர் கொற்றன்! என் சீடர்!”

பறையடிப்பவர் யாரும் சொல்லாமலே அடித்தார். அன்று அடித்த அடியில் பறையின் தோல் கிழிந்தது. கொற்றனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் வாழ்நாளில் வென்ற மாலைகளையெல்லாம் ஒன்றாகக் கழுத்தில் போட்டாலும் இப்படி இருக்காது என்று நினைத்தான். ஆசானின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேலுதட்டில் மண்ணோடு அது பளபளத்தது.

ஆரவாரம் அடங்கும் வரை ஏகாம்பரனார் பொறுத்திருந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க குரு வெட்டின எண். நீங்க கட்டிக்காத்த எண். உங்க சீடனே ஊர் பார்க்க உடைச்சுப் போட்டுட்டான். உங்களுக்கு வெட்கமா இல்லையா?”

தில்லைநாயகி கொற்றனின் கையை இன்னும் விடவில்லை.

“உங்க மடத்து எண்ணை உங்க சீடர்ல யாராவது உடைச்சிருக்காங்களா?”

ஏகாம்பரனார் நெஞ்சை நிமிர்த்தினார்.

“இதுவரைக்கும் ஒருத்தனும் இல்ல.”

“ஐயோ, பாவம்” என்றார் தில்லைநாயகி.